வில்லுக்கு ஏற்ற இடம்: வெள்ளைவால் மான் வேட்டைக்குக் களம் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மான் நிறைய இருக்கும் இடம் வேறு, வில்லோடு உட்கார ஏற்ற இடம் வேறு. வில் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். மாலையில் வயலோரம் ஒரு கூட்டம் மேய்வதைப் பார்த்ததும், அங்கேயே ஒரு மரத்தில் பரண் கட்டிவிடுகிறார்கள். சில நாளில் அந்த வயல் வெறிச்சோடிவிடும். மான் ஊரைவிட்டுப் போகவில்லை, இருட்டிய பிறகு வரப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். மனித வாடை எந்த மரத்தடியிலிருந்து வருகிறது என்பதும் அதற்குத் தெரிந்துவிட்டது.

இந்த வழிகாட்டி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் உள்ள டிரிஃப்ட்லெஸ் பகுதியை வைத்து எழுதப்பட்டது. பனியுகத்தில் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் பனிப்பாறைகள் தேய்த்துச் சமமாக்கியபோது இந்தப் பகுதி மட்டும் தப்பியது. அதனால் இங்கே உயர்ந்த முகடுகளும் செங்குத்தான சரிவுகளும் ஆழமான ஓடைப் பள்ளங்களும் அப்படியே இருக்கின்றன. முகடுகளின் மேல் மக்காச்சோளமும் அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரும் விளைகின்றன, சரிவுகளில் ஓக் காடு, அடியில் மீன் நீந்தும் ஓடைகள். அயோவா, மினசோட்டாவின் குன்றுப் பகுதிகளுக்கும் இதே கணக்கு பெரும்பாலும் பொருந்தும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்லப்படுவதெல்லாம் உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள ஊர்களுக்கு மட்டுமே.

முதலில் வில்லின் கணக்கு

துப்பாக்கிக்காரருக்கு 150 கெஜத்தில் நிற்கும் மான் ஒரு வாய்ப்பு. வில்லாளிக்கு அது வெறும் காட்சி. கப்பிகள் பொருத்திய இன்றைய காம்பவுண்டு வில் ஒன்று நொடிக்கு 280 அடி வேகத்தில் அம்பை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கெஜத்தில், அதாவது 60 அடியில் நிற்கும் மானை அம்பு எட்ட நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகும். நாணின் ஓசையோ நொடிக்கு 1,100 அடிக்கு மேல் பாய்ந்து, இருபதில் ஒரு பங்கு நொடியில் அதன் காதில் விழுந்துவிடும். ஏற்கெனவே மிரண்டு நிற்கும் மான் துள்ளுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நுரையீரலுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே பறக்கும், அல்லது இன்னும் மோசமாக, முதுகுச் சதையில் தைக்கும். தொலைவு கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும்.

எனவே இடத்திடம் நாம் கேட்பது நான்கு. மான் 25 கெஜத்துக்குள் வர வேண்டும், பதற்றமின்றி மெதுவாக வர வேண்டும், பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், நாம் நாணை இழுக்கும் அசைவு அதன் கண்ணில் படக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் வேறு இடம் தேடுங்கள்.

சட்டமும் எல்லையும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விஸ்கான்சினில் வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை போகும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது. மாநிலத்தின் தென்பகுதியில் இயற்கை வளத்துறை நிலங்களில் பரணை அன்றன்றைக்கே கழற்றி எடுத்துவர வேண்டும், மரத்தில் ஆணியோ திருகோ அடிக்கக்கூடாது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் விதி நூலைப் படித்துவிடுங்கள்.

எல்லை விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நுரையீரல் இரண்டிலும் அம்பு ஊடுருவிய மான்கூட நூறு கெஜம் ஓடி விழுவது சாதாரணம். அது பக்கத்துத் தனியார் நிலத்துக்குள் போய் விழுந்தால், உரிமையாளர் அனுமதி இல்லாமல் நீங்கள் உள்ளே கால் வைக்க முடியாது. வேலியை ஒட்டிய மரம் எவ்வளவு அருமையாகத் தெரிந்தாலும் தள்ளிவையுங்கள்.

மேசையில் தொடங்கும் வேலை

காட்டுக்குப் போகும் முன் நில உயர வரைபடத்தையும் வான்வழிப் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கைபேசிச் செயலிகளில் இரண்டும் கிடைக்கும், பொது நிலத்தின் எல்லைக்கோடும் தெரியும். உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் மட்டம். மான் செங்குத்தில் ஏற மாட்டாது என்றில்லை, ஆனால் நம்மைப் போலவே சுலபமான வழி இருந்தால் அதைத்தான் எடுக்கும்.

தேட வேண்டியவை இவை: முகட்டிலிருந்து மூக்குபோல் நீண்டு இறங்கும் நிலம், இரண்டு உச்சிகளுக்கு நடுவே முகடு தாழும் இடம், சரிவின் நடுவே படிபோல மட்டமாக ஓடும் திண்டு, செங்குத்தான வெட்டுப் பள்ளத்தின் தலைப்பகுதி. பள்ளத்தைக் குறுக்கே கடக்க விரும்பாத மான் அதன் தலையைச் சுற்றித்தான் வளைந்து போகும். வான்வழிப் படத்தில் காட்டின் அடர்த்தி மாறும் கோட்டையும், வயல் காட்டுக்குள் நுழைந்து உள்மூலையாக மடங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து புள்ளிகள் சேரும். அவற்றில் பெரும்பாலானவை காலால் நடக்கும்போது அடிபட்டுப் போகும்.

வண்டி நிறுத்துமிடங்களையும் குறியுங்கள். பொது நிலத்தில் மான்களின் நடமாட்டத்தைச் சோளத்தைவிட மனிதர்களே அதிகம் தீர்மானிக்கிறார்கள். எல்லோரும் ஒரே பாதையில் உள்ளே போகிறார்கள் என்றால், அந்தப் பாதை தொடாத மூலை எது என்று தேடுங்கள். அது தொலைவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாலையை ஒட்டி யாரும் திரும்பிப் பாராத ஒரு முட்புதர்த் துண்டாகவும் இருக்கலாம்.

பனி உருகியதும் நடங்கள்

களம் பார்க்க மிகச் சிறந்த காலம் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும். வேட்டைப் பருவம் முடிந்துவிட்டதால் மானைக் கலைத்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். புது இலை துளிர்க்காததால் நிலம் திறந்து கிடக்கும். போன இலையுதிர் காலத்தின் தடங்கள் எழுதிவைத்ததுபோல் இருக்கும். ஆண் மான்கள் உதிர்த்த கொம்புகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

மான் தின்ற குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. குச்சியைக் கீழ்ப்பற்களுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே கவ்வி இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். நுனி கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருந்தால் அது முயல். இந்த ஒன்று தெரிந்தால் புதர்க்காட்டில் மேய்ந்தது யார் என்று உடனே தெரிந்துவிடும்.

ஆண் மான் கொம்பை உரசிய மரத்தில் பட்டை உரிந்த பக்கத்தைக் கவனியுங்கள். மான் எந்தத் திசையிலிருந்து வந்ததோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உரசியிருக்கும். அப்படிப்பட்ட மரங்கள் வரிசையாக நின்றால் அதன் நடைபாதையும் திசையும் கிடைத்துவிடும். காலால் பறித்த குழிகள் இன்னொரு அடையாளம். அவற்றின் மேல் மான் முகத்தை உரசும் கிளை ஒன்று கட்டாயம் தாழ்ந்து தொங்கும். இந்தக் குழிகளைக் கண்டு பலர் பரவசப்படுகிறார்கள். எனக்கு அவற்றின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வயலோரக் குழிகளுக்கு மான்கள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. காட்டுக்குள், படுக்கைக்கு அருகே இருக்கும் குழிக்குத்தான் மதிப்பு.

படுக்கையைக் கண்டுபிடியுங்கள்

மான் அசைபோடும் விலங்கு. வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் படுத்து அசைபோட வேண்டும். பகலின் பெரும்பகுதி இப்படியே கழியும். விடியலிலும் அந்தியிலும்தான் அதன் நடமாட்டம் அதிகம். ஆகவே பகல் வெளிச்சத்தில் மான் கிடைக்க வேண்டுமென்றால், அது எங்கே சாப்பிடுகிறது என்பதைவிட எங்கே படுக்கிறது என்பதே முக்கியம்.

சருகில் முட்டை வடிவில் அழுந்திய பள்ளம், அதில் ஒட்டியிருக்கும் மயிர், பக்கத்தில் புழுக்கை. இவை படுக்கையின் அடையாளங்கள். பெரிதும் சிறிதுமாகப் பல பள்ளங்கள் சேர்ந்திருந்தால் அது பெண் மான்களும் குட்டிகளும் படுக்கும் இடம். தனித்த பெரிய பள்ளம் ஒன்று, அருகே உரசப்பட்ட மரங்கள் என்றால் முதிர்ந்த ஆண் மானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் குன்றுகளில் முதிர்ந்த ஆண் மான் விரும்பும் இடம் ஏறக்குறைய மாறுவதில்லை: நீண்ட மலைமூக்கின் நுனிக்கு அருகே, உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படியான மறைவுச் சரிவு. முதுகுக்குப் பின்னால் வரும் ஆளை மூக்கு சொல்லும், கீழிருந்து வருபவரைக் கண் சொல்லும். படுக்கையைக் கண்டால் நீங்களும் அதில் குந்திப் பாருங்கள். எந்தப் பக்கம் தெரிகிறது, எந்தப் பக்கம் மறைகிறது? தெரியாத பக்கம்தான் உங்களுக்கு வழி.

உணவு நிலையானதல்ல

செப்டம்பரில் சோயா இலை பச்சையாக இருக்கும்வரை மான்கள் அதில் கிடக்கும். இலை மஞ்சளானதும் திரும்பிப் பார்க்காது. பிறகு ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு என்பதால் மான்கள் முதலில் அதைத்தான் தேடிப் போகும். சிவப்பு ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு அதிகம், அது நீண்ட நாள் கெடாமல் கிடக்கும், மார்கழிக் குளிரில் அதுவே கைகொடுக்கும். இலையைப் பார்த்தே இரண்டையும் பிரிக்கலாம்: வெள்ளை ஓக்கின் இலை மடல்கள் உருண்டிருக்கும், சிவப்பு ஓக்கில் கூராக முடியும். எல்லா மரமும் எல்லா ஆண்டும் காய்க்காது. ஆகஸ்டில் தொலைநோக்கியோடு ஒரு சுற்று நடந்து, காய் பிடித்த வெள்ளை ஓக் எங்கே நிற்கிறது என்று பார்த்துவைத்தால் அக்டோபரில் பாதி வேலை முடிந்ததாக அர்த்தம்.

காற்று

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் காற்று ஒரே நொடியில் கெடுத்துவிடும். வாசனை நீக்கும் சோப்பு, தெளிப்பான் என்று கடைகளில் நிறைய விற்கிறார்கள். மானின் மூக்கை ஏமாற்றும் அளவுக்கு அவற்றில் எதையும் நான் நம்புவதில்லை. காற்று சரியாக இருந்தால் அவை தேவையில்லை, தவறாக இருந்தால் அவை உதவாது.

சமநிலத்தில் கணக்கு எளிது: மான் இருக்கும் பக்கத்திலிருந்து நம் பக்கம் காற்று வர வேண்டும். குன்றுகளில் இன்னொரு காற்று சேர்ந்துகொள்கிறது. காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேலே ஏறும். மாலையில் நிழல் விழுந்து குளிர்ந்ததும் ஓடை நீர்போல் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வானிலை அறிக்கை சொல்லும் காற்று பலமாக அடிக்கும்போது இது தெரியாது. அது தணியும் கடைசி ஒரு மணி நேரத்தில், அதாவது மான் எழுந்து நடக்கும் அதே வேளையில், இந்த இறங்குகாற்றுதான் ஆட்சி செய்யும். கிழக்குச் சரிவில் நிழல் முன்னதாகவே விழுவதால் அங்கே காற்று சீக்கிரம் திரும்பும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. இங்கே சாலையோரமெல்லாம் வளரும் மில்க்வீட் நம் ஊர் எருக்கின் உறவுச் செடி. அதன் காயும் வெடித்துப் பட்டு இழைப் பஞ்சாகப் பறக்கும். இலையுதிர் காலத்தில் சில காய்களைப் பறித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் உட்கார்ந்தபடி ஒரு இழையை விட்டுப் பாருங்கள். முதல் பத்துக் கெஜம் வடக்கே போகும், பள்ளத்தின் மேல் வந்ததும் தடுமாறும், சட்டென்று கீழே இழுபட்டு ஓடையை நோக்கி வழுக்கும். உங்கள் வாசனையும் அதே வழியில்தான் போகிறது. காற்றின் திசை பார்க்கப் பொடியைத் தூவும் புட்டி கைக்கெட்டும் தூரத்துக் காற்றைத்தான் காட்டும், இந்தப் பஞ்சு தொலைவில் நடப்பதையும் காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். மேற்கே முகட்டின் மேல் அல்ஃபால்ஃபா வயல். அங்கிருந்து கிழக்கு நோக்கி ஒரு மலைமூக்கு நீள்கிறது. அதன் கிழக்கு நுனியில், சற்றே தெற்குப் பக்கமாக, ஆண் மானின் படுக்கை. அக்டோபர் மாலை, வடமேற்குக் காற்று. மான் எழுந்து மலைமூக்கின் வடக்கு விளிம்பை ஒட்டிய தடத்தில் மேற்கே வயலுக்குப் போகும். படுக்கைக்கும் வயலுக்கும் நடுவே, தடத்துக்குத் தெற்கே 20 கெஜத்தில் ஒரு மரம் தேர்ந்தெடுங்கள். காற்று உங்கள் வாசனையைத் தென்கிழக்கே கொண்டுபோய்த் தெற்குப் பள்ளத்தின் மேல் வீசிவிடும். அந்தி நெருங்கும்போது இறங்குகாற்றும் அதே பள்ளத்துக்குத்தான் இழுக்கும். படுக்கை நேர் கிழக்கே இருப்பதால் தப்பித்துவிடுகிறது. மானுக்கோ காற்று முகத்தில் சாய்வாக அடிக்கிறது. எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருப்பதாக நம்பி நிதானமாக வரும். முதிர்ந்த ஆண் மான் தனக்குச் சாதகமான காற்றில்தான் நடக்கும், எனவே அதற்குச் சாதகம்போலத் தோன்றி மயிரிழையில் நமக்குச் சாதகமாகும் காற்றையே நாம் தேட வேண்டும்.

அதே மரத்தில் தென்மேற்குக் காற்றில் உட்கார்ந்தால்? வாசனை நேராகத் தடத்தைக் குறுக்கே கடக்கும். அன்றைக்கு அந்த இடம் கிடையாது, வேறு இடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எந்தக் காற்று ஆகும், எது ஆகாது என்று வரைபடத்திலேயே எழுதிவையுங்கள். ஒரே ஒரு இடத்தை நம்பியிருப்பவர் தவறான காற்றிலும் அங்கேதான் போய் உட்காருவார்.

போகும் வழி, திரும்பும் வழி

மேற்சொன்ன மரத்துக்கு வயல் வழியாகப் போனால் வாசனை முழுவதும் படுக்கையின் மேல் விழும். தெற்குப் பள்ளத்தின் மேற்கு முனையில் இறங்கி, சரிவின் வளைவு படுக்கையிலிருந்து மறைக்கும் இடமாகப் பார்த்து ஏற வேண்டும். ஓடை இருந்தால் தண்ணீரிலேயே நடங்கள், சத்தமும் தடமும் குறையும். ரப்பர் பூட்ஸ் அதற்கு உதவும்.

காலை வேட்டையில் சிக்கல் தலைகீழ். விடியுமுன் மான்கள் வயலில் நிற்கும், அப்போது மேலே போனால் எல்லாம் கலையும். கீழிருந்து ஏறுங்கள். இருட்டில் காற்று கீழ்நோக்கி இறங்குவதால் மேலே இருக்கும் மானுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வெயில் ஏறியதும் காற்று திரும்பும், அதற்கும் சேர்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரும்பி வருவதைப் பலர் யோசிப்பதே இல்லை. இருட்டியபின் பரணடியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தால் எப்படி இறங்குவீர்கள்? வயலோர மரத்தை நான் விரும்பாததற்கு இதுவே பெரிய காரணம். ஐம்பது அறுபது கெஜம் காட்டுக்குள் இருந்தால் மான்கள் உங்களைக் கடந்து வயலுக்குப் போனபின் நழுவி வந்துவிடலாம்.

மரமும் பரணும்

உங்கள் உடலைவிட அகலமான அடிமரம், அல்லது இரண்டு மூன்றாகக் கிளைத்த மரம் நல்லது. வானத்தின் பின்னணியில் நிழலுருவாகத் தெரியக்கூடாது. மான் சிவப்பையும் ஆரஞ்சையும் சரியாகப் பிரித்தறியாது, ஆனால் அசைவை உடனே பிடித்துவிடும். மாலையில் மேற்கு நோக்கி உட்கார்ந்தால் உங்கள் கண் கூசும், முகமும் பளிச்சென்று தெரியும்.

உயரம் 15 முதல் 20 அடி போதும். 20 அடி உயரத்தில் இருந்துகொண்டு பத்துக் கெஜத்தில் நிற்கும் மானை எய்தால் கோணம் முப்பது டிகிரியைத் தாண்டும். இன்னும் மேலே போகப் போக ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துக்கொண்டு அம்பு இறங்கும் ஆபத்து கூடும். தரையிலிருந்து கால் எடுக்கும்போதே முழு உடல் பாதுகாப்பு வாரை மரத்தோடு பிணைத்துக்கொள்ளுங்கள். வில்லைத் தோளில் மாட்டி ஏறாதீர்கள், மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம்.

பொது நிலத்தில் கிளை வெட்ட அனுமதி இல்லை என்பதால் இயல்பாகவே இடைவெளி உள்ள மரம் வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் தொலைவளவியால் நான்கு பக்கமும் அளந்து, 20 கெஜத்தில் ஒரு கட்டையையோ பாறையையோ மனதில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா எதற்கு

எந்த மான் உயிரோடு இருக்கிறது, பகலில் நடக்கிறதா என்று அறிய, மரத்தில் கட்டிவைத்தால் மான் கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா உதவும். ஆனால் படங்கள் பதிந்த அட்டையை எடுக்க வாரம் ஒருமுறை போனால் கேமரா காட்டுவது உங்களைக் கண்டு விலகிப்போகும் மான்களைத்தான். படுக்கைக்கு அருகே வைக்காதீர்கள். நண்பகலில், முடிந்தால் மழைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். சில மாநிலங்களில் இதற்குத் தடையும் உண்டு. அரிசோனா 2022 முதல் வேட்டைக்கு இந்தக் கேமராக்களைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை.

பருவம் நகர நகர

தேர்ந்தெடுத்த இடத்தில் முதல் தடவை உட்காரும்போதுதான் வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் ஒவ்வொரு முறையும் குறையும். எனவே அருமையான மரத்தைக் காற்றும் உணவும் பொருந்தும் நாள்வரை தொடாமல் விட்டுவையுங்கள். குளிர்காற்று இறங்கி வெப்பம் சட்டென்று குறையும் மாலை அதற்கு ஏற்றது.

நவம்பர் முதல் பாதியில் கணக்கே வேறு. இணைசேரும் பருவம் நெருங்க, ஆண் மான்கள் படுக்கையை விட்டுவிட்டுப் பெண் மான்களைத் தேடி அலையும். பெண் மான்கள் படுக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள இடுக்கோ, முகட்டின் தாழ்வோ, பள்ளத்தின் தலையோ இப்போது பொன்னான இடம். ஆண் மான் ஒவ்வொரு படுக்கைக்கும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை, காற்று போகும் பக்கமாக ஒதுங்கி நடந்து மோப்பத்திலேயே தெரிந்துகொள்ளும். அந்த ஒதுக்குப்புறத் தடத்தில் நாள் முழுக்க உட்காருங்கள். நண்பகல் சாப்பாட்டுக்காக இறங்கிப் போகிறவர்கள் இழக்கும் மான்கள் நிறைய.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் ஒன்பது நாளுக்குத் தொடங்கும். அந்த நாட்களில் வில்லாளியும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அணிந்தாக வேண்டும். அது முடிந்து டிசம்பர் வந்தபின் எஞ்சிய மான்கள் இரண்டை மட்டுமே தேடும்: வெயில் படும் தெற்குச் சரிவு, அறுவடையில் சிந்திய சோளம். பனியில் தடம் தானாகவே பதியும் என்பதால் தேடும் வேலை பாதி. காலை வேட்டையை விட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் போய்ச் சரிவுக்கும் வயலுக்கும் நடுவே உட்காருங்கள். கடுங்குளிரில் மான் வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து வரும்.